சிறிய மடிக்கணினி வாங்குமுன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் பிள்ளைகளின் பாடத்திற்கும் வீட்டுக் கணக்கிற்கும் மலிவான மடிக்கணினி தேடுவோர், திரையின் பளபளப்பைக் காட்டிலும், கோப்புகளை வைக்கும் சேமிப்பகம் வேகமான எஸ்எஸ்டியா, மலிவான, மெதுவான இஎம்எம்சி சில்லா என்பதையே முதலில் கேட்க வேண்டும். பின்னது பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், இடம் நிறைந்தபின் மாற்ற வழியிராது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகம் (ரேம்) போதும் என்று மைக்ரோசாஃப்ட் கூறினாலும், அது இயங்குவதற்கான அளவே தவிர நிம்மதியாக வேலை செய்வதற்கானதன்று. 8 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். எடை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கட்டும்.

பழையதை வாங்குவதானால், இன்டெல் செயலி (புராசசர்) எட்டாம் தலைமுறைக்கு முந்தியதா என்று பாருங்கள். அத்தகையவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11ஐ ஏற்கா, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட) 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. கடைக்காரர் முகம் சுளித்தாலும், மின்கலம் தாங்குகிறதா என்றறிய, மின்கம்பியைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் இயக்கிப் பார்த்தபின்பே ரிங்கிட்டை எண்ணிக் கொடுங்கள்.