ஜிபிஎஸ் பார்த்து ஓட்டப் பழகுகிறீர்களா? வண்டியை எடுப்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

சித்தப்பா வாங்கிய புதுக் காரில் நடுவே பெரிய திரை, அதிலேயே ஜிபிஎஸ். சேலம் மாவட்டம் ஆத்தூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. மதுரையிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். சித்தப்பா 'ஆத்தூர்' என்று தட்டி, முதலில் வந்த பெயரைத் தொட்டார். ஒன்றேகால் மணி நேரம் என்று காட்டியது. "பரவாயில்லையேடா, நாலு மணி நேரமாகும்னாங்க. நாலரைக்கெல்லாம் போயிருவோம் போல" என்றார். தூக்கக் கலக்கத்தில் யாரும் யோசிக்கவில்லை. நிலக்கோட்டை தாண்டி, செம்பட்டியில் டீ குடிக்க இறங்கியபோது சித்திதான் கேட்டார்: "ஏங்க, சேலத்துக்குப் போற வழியில செம்பட்டி எங்கங்க வருது?" நாங்கள் போய்க்கொண்டிருந்தது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூருக்கு. அங்கிருந்து திரும்பி மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது.

தூத்துக்குடி மாவட்டத்திலும் ஒரு ஆத்தூர் இருக்கிறது. புதூர் என்று தட்டினால் சொல்லவே வேண்டாம். அதனால் ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்துத் தட்டுங்கள். அப்புறம், கிளம்புவதற்கு முன் முழு வழியையும் திரையில் சுருக்கி ஒருமுறை பாருங்கள். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், நடுவில் என்னென்ன ஊர் வருகிறது என்று பார்க்கப் பத்து வினாடி போதும். நீங்கள் நினைத்ததற்கும் அது காட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், குறுக்கு வழி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். இடம் தப்பு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் லொகேஷனையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 'வீட்டு லொகேஷன் அனுப்புங்க' என்று கேட்டால், பலரும் தாங்கள் அந்த நேரத்தில் இருக்கும் இடத்தை அனுப்பிவிடுகிறார்கள். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அனுப்பினால் நீங்கள் ஆபீஸ் வாசலில்தான் போய் நிற்பீர்கள். "இது வீட்டிலிருந்து அனுப்பியதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சென்னையில் கதவு எண்ணை மட்டும் நம்புவதும் சிரமம். ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். பக்கத்துக் கோயில், பள்ளிக்கூடம் என்று ஏதாவது ஒரு அடையாளம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது செட்டிங்ஸ். போன் மேப் என்றால் போன வாரம் பைக்கில் போனபோது வைத்த டூவீலர் குறி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கார் நுழைய முடியாத சந்துக்குள் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போகும். 'டோல் வேண்டாம்' என்பதை யாராவது போட்டு வைத்திருந்தால், நான்குவழிச் சாலையை விட்டு இறக்கிவிட்டு ஊர் ஊராகச் சுற்றும். சில கருவிகளில் 'குறைந்த தூரம்', 'குறைந்த நேரம்' என்று இரண்டு இருக்கும். நம் பக்கத்தில் குறைந்த தூரம் என்றால் பெரும்பாலும் கண்மாய்க் கரையும் ஒற்றையடித் தார் ரோடும்தான். குறைந்த நேரத்தையே வையுங்கள். 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு சுற்றுலா கார், மேப் காட்டிய வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. ரோடு குறுகிக்கொண்டே போனால், திருப்ப இடம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

அடித்தளப் பார்க்கிங்கில் வண்டியை எடுத்ததுமே 'வழி காட்டவில்லை' என்று திரையைத் திட்டுபவர்களும் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இடத்தைச் சரியாகக் கணக்கிடக் குறைந்தது நான்கின் சிக்னல் வேண்டும். கான்கிரீட் கூரைக்குக் கீழே அது வராது. வெளியே வந்து, வானம் தெரிகிற இடத்தில் அரை நிமிடம் நிறுத்தினால் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, நிற்கும் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. நகர்ந்த பிறகுதான் திசை புரியும். அதனால் முதல் ஐம்பது மீட்டருக்கு அம்புக்குறி தலைகீழாக இருந்தாலும் பதற வேண்டாம்.

புதிதாகப் பழகுபவர்களை அதிகம் குழப்புவது சர்வீஸ் ரோடுதான். ஹைவேக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவே சில மீட்டர்தான் இடைவெளி. திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். நீங்கள் எதில் போகிறீர்கள் என்று அதற்கே நிச்சயமாகத் தெரியாது. மேம்பாலத்திலும் இதே கதை; மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்பதில் தடுமாறும். கத்திப்பாரா மாதிரி இடத்தில் திரையை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே இருக்கும் பச்சை போர்டைப் பாருங்கள். போர்டு ஒன்று சொல்லி, கருவி வேறு சொன்னால் போர்டுதான் சரி.

அப்படியும் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டால் என்ன செய்வது? நேராகப் போய்க்கொண்டே இருங்கள். அது வேறு வழி போட்டுக்கொள்ளும். போனால் ஐந்து நிமிடம் போகும். ஹைவேயில் சடன் பிரேக் போட்டு ரிவர்ஸ் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஓட்டிக்கொண்டே ஊர்ப் பெயர் தட்டுவதும் அதே அளவு ஆபத்து. 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால், வண்டி ரோட்டைப் பார்க்காமல் 44 மீட்டர் ஓடியிருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் ஓரமாக நிறுத்துங்கள். வழி பார்ப்பதற்காக மட்டும், கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அதற்காகக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. ஸ்டாண்டில் வையுங்கள், ஸ்டாண்டு பார்வையை மறைக்கக் கூடாது, ஏர்பேக் விரியும் இடத்திலும் இருக்கக் கூடாது.

கடைசியாக, மேப் சொல்லாத விஷயங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை பொதுவாக வாகனங்களுக்குத் தடை. திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. மேப் கோடு போட்டுக் காட்டிவிட்டதாலேயே அந்த வழி திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்தின் மேல் ஒரு கார் ஏறி ராமகங்கை ஆற்றில் விழுந்தது. மூன்று பேர் இறந்துபோனார்கள். மேப்பைப் பார்த்து ஓட்டியதாகத்தான் செய்தி வந்தது. இருட்டு, மழை, பழக்கமில்லாத ரோடு, எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை என்றால், நிறுத்தி ஒரு ஆளிடம் கேளுங்கள்.

கருவி புதிது என்றால் முதல் ஒரு வாரம் வீட்டிலிருந்து ஆபீஸுக்கும், தெரிந்த கடைக்கும் அதைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். 'இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்' என்றால் அது எந்த டீக்கடை, எந்த மின்கம்பம் என்று உங்களுக்கே தெரியும். அந்த இருநூறு மீட்டர் கண்ணுக்குப் பழகிய பிறகு வெளியூருக்கு எடுங்கள். சித்தப்பா அப்படித்தான் பழகினார். இப்போது ஊர்ப் பெயர் தட்டியதும் வண்டியை எடுப்பதில்லை. நடுவில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கிறார், சித்தி சரி என்று சொன்ன பிறகுதான் கியர் போடுகிறார்.