கத்திரி வெயிலில் கொல்லைப்புற விருந்து

போன வருடம் மே மாதம், தெருப் பிள்ளைகளையும் என் தோழிகளையும் எங்கள் மதுரை வீட்டுக் கொல்லைக்குக் கூப்பிட்டிருந்தேன். காலை 11 மணி என்று சொன்னதுதான் தப்பு. சிமெண்டுத் தரை கொதித்தது. செருப்பைக் கழற்றிய பிள்ளைகள் ஒற்றைக் காலில் குதித்தார்கள். ரோஸ்மில்க் 1 மணிக்குள் திரிந்துவிட்டது. பலாச்சுளைத் தட்டு முழுக்க எறும்பு. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது.

இந்த வருடம் மாலை நாலரைக்குத்தான் வரச் சொன்னேன். மூன்றரைக்கே தரையில் நாலு வாளித் தண்ணீர் தெளித்தேன். முதல் வாளி தெளித்த கையோடு காய்ந்துபோனது. நாலாவதுக்குத்தான் தரை குளிர்ந்தது. சாப்பாட்டு மேசையை வேப்பமர நிழலுக்கு நகர்த்தி, நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். பாட்டி காலத்து வழி, ஒரு எறும்பு ஏறவில்லை.

பால் சேர்ந்த எதுவும் வேண்டாம் என்று நன்னாரி சர்பத்துக்கு மாறினேன். ஒரு டம்ளருக்கு அரை எலுமிச்சை, இரண்டு கரண்டி நன்னாரிப் பாகு. 20 பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு டம்ளர் என்று 20 பழம் பிழிந்தேன். ஐஸ் போட்டால் நீர்த்துவிடும். அதனால் மண்பானையில் ஊற்றி, ஈர மணலில் உட்காரவைத்து, சுற்றிலும் நனைத்த துணி கட்டினேன். கசியும் நீர் காற்றில் ஆவியாக ஆவியாகப் பானை சில்லென்று ஆகிவிடும். பக்கத்து வீட்டுச் சின்னவள் பானையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை.

அப்புறம் ஆளுக்கொரு நுங்கு. இருட்டிய பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.