பழைய இடத்துக்குப் புது இணையதளம்: எங்கே சறுக்குகிறோம்?

கோட்டையோ அரண்மனையோ, ஒரு வரலாற்று இடத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, முகப்பில் பெரிய டிரோன் வீடியோ. அழகுதான். ஆனால் அதைத் திறப்பவர் அநேகமாக போனும் கையுமாக வழியில் நிற்பவர். இன்று திறந்திருக்கிறதா, எத்தனை மணிவரை, டிக்கெட் எவ்வளவு? அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். வீடியோவோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்கிறது கூகுள். கேமராவில் எடுத்த 6000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றினால் அது நடக்கிற காரியமா? படத்தைச் சுருக்குங்கள், நேரமும் கட்டணமும் முதல் திரையிலேயே இருக்கட்டும்.

சரி, அடுத்தது எழுத்து. முதல் பத்தியிலேயே வம்சப் பட்டியலும் ஆண்டுகளும் வந்தால், அந்தப் பெயர்களை முன்பே அறிந்தவர்தான் மேலே படிப்பார். புதிதாக வருபவருக்குப் பிடிமானம் வேண்டும். படிக்கட்டின் நடுவில் மட்டும் கல் குழிந்திருக்கிறதே, அது தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய கால்கள் தேய்த்த குழி. அதைக் காட்டிவிட்டு, அந்தக் கால்கள் யாருடையவை என்று சொல்லுங்கள். மன்னர் பெயர் அப்புறம் தானாக மனதில் நிற்கும்.

எனக்கு உண்மையிலேயே வலிக்கும் தவறு ஒன்று உண்டு: பழைய பக்கங்களின் இணைய முகவரிகளை அழித்துவிடுவது. பல ஆண்டுகளாக விக்கிப்பீடியாவும் பயணக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் அந்தப் பக்கங்களுக்கு வழிகாட்டி வந்திருக்கின்றன. புதுத் தளம் வந்த அன்றே எல்லாம் '404', அதாவது பக்கம் இல்லை. தேடலில் சேர்த்த மதிப்பும் கரைந்துபோகும். வேலை தொடங்கும் முன்பே பழைய முகவரிகள் அத்தனையையும் பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றையும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கு 301 வழிமாற்றில், அதாவது 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று சொல்லித் தானாகவே அங்கே அனுப்பும் ஏற்பாட்டில், இணையுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது தீர்வாகாது. கிணற்றைப் பற்றித் தேடி வந்தவருக்குக் கிணற்றின் பக்கம்தான் வேண்டும். இந்த வழிமாற்றைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்காமலே விட்டால் இன்னும் நல்லது.

விடுமுறை அறிவிப்பைப் படமாகப் போடாதீர்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. கருங்கல் படத்தின் மேல் மெல்லிய சாம்பல் எழுத்தும் வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி மாறுபாடு 4.5-க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் விதி.

'அனைவரும் வரலாம்' என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. எத்தனை படிகள், கைப்பிடி உண்டா, சக்கர நாற்காலி எதுவரை போகும், கழிப்பறை எங்கே? மூட்டுவலி உள்ள அம்மாவை அழைத்துவர நினைக்கும் மகள் தேடுவது இதைத்தான். ஏற முடியாத இடம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

வெளியிடும் முன், அந்த இடத்துக்கு வந்தே இராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, மூடும் நேரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள்.