நாடு ராணுவக் கூட்டணியில் சேரும்போது குடிமக்கள் அமைப்புகள் என்ன செய்ய வேண்டும்

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவில் ஒரு நாடு சேரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் அங்குள்ள சமாதான இயக்கங்கள், தொண்டு நிறுவனங்கள், மாணவர் சங்கங்கள் எல்லாம் சேரலாமா கூடாதா என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். அந்த விவாதம் வேண்டியதுதான். ஆனால் என்ன நிபந்தனையோடு சேர்கிறோம் என்பதை அரசிடமிருந்து எழுத்தில் வாங்குவதுதான் இதைவிடப் பெரிய வேலை, அதை இரு தரப்பும் சேர்ந்தே செய்யலாம்.

முதலில் நேட்டோவை உருவாக்கிய ஒப்பந்தத்தை உங்கள் மொழியில் எளிமையாக எழுதி ஊரெல்லாம் கொடுங்கள். 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் மொத்தமே 14 பிரிவுகள்தான். ஒரு நாட்டைத் தாக்கினால் மற்ற எல்லாரும் உடனே படையை அனுப்பியே ஆகவேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 5ஆம் பிரிவு, ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று படுகிற நடவடிக்கையை எடுக்கும், ஆயுதப் படையைப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும் என்றுதான் சொல்கிறது. ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம் என்று 13ஆம் பிரிவு சொல்வதும் பலருக்குத் தெரியாது.

இந்த வேலையை முன்கூட்டியே முடித்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் முடிவு எடுக்கிற நேரம் வந்தால் மிக வேகமாக வரும். பின்லாந்தில் 50,000 பேர் ஆறு மாதத்துக்குள் கையெழுத்திட்டால் ஒரு கோரிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகும் என்ற ஏற்பாடு 2012 முதல் இருக்கிறது. 2022 பிப்ரவரியில், உக்ரைன் போர் தொடங்கிய நேரத்தில், நேட்டோ பற்றிய மனு சில நாட்களிலேயே அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. மே 17 அன்று நாடாளுமன்றம் 188-8 என்று ஒப்புதல் கொடுத்தது, மறுநாளே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பொதுவாக்கெடுப்பு நடக்கவே இல்லை. மூன்று மாதம்கூட ஆகாத இந்த இடைவெளியில் புதிதாக ஓர் அமைப்பைக் கட்டி, படித்து, மக்களிடம் போவது நடக்கிற காரியமா?

பொதுவாக்கெடுப்பு நடந்தால் வாக்குச்சீட்டின் மேல் கண் வையுங்கள். ஸ்லோவாக்கியாவில் 1997 மே மாதம் நேட்டோ கேள்விகளோடு, ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது பற்றிய கேள்வியும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வி இல்லாமலே உள்துறை அமைச்சகம் சீட்டு அச்சடித்தது. பத்து சதவீதம் பேர்கூட வாக்களிக்கவில்லை, வாக்கெடுப்பே செல்லாமல் போனது.

நான் எல்லாரையும் பார்க்கச் சொல்வது ஸ்பெயினின் சீட்டைத்தான். 1982இல் ஸ்பெயின் சேர்ந்தது, அதன் பிறகு நான்கு வருடம் சமாதான இயக்கங்கள் தெருவில் நின்றன, மாட்ரிட் அருகே டொர்ரெஹோனில் இருந்த அமெரிக்க விமானத் தளத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். 1986 மார்ச் 12 அன்று நடந்த வாக்கெடுப்பில் அரசு வெறுமனே "இருக்கலாமா?" என்று கேட்கவில்லை, கேட்கவும் முடியவில்லை. மூன்று நிபந்தனைகள் சீட்டிலேயே இருந்தன: கூட்டணியின் ஒருங்கிணைந்த ராணுவக் கட்டமைப்பில் சேர மாட்டோம், நாட்டுக்குள் அணு ஆயுதங்களை நிறுவவோ வைத்திருக்கவோ கொண்டுவரவோ விடமாட்டோம், அமெரிக்கப் படைகளின் இருப்பை படிப்படியாகக் குறைப்போம். எதிர்த்தவர்கள் தோற்றார்கள், ஆனால் அவர்கள் கொடுத்த அழுத்தம் இல்லாமல் இந்த மூன்று வரிகளும் வந்திருக்காது என்பது என் கணிப்பு. 1988இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி டொர்ரெஹோனிலிருந்து அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானங்கள் கிளம்பின.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. 1999இல் ஸ்பெயின் அதே ராணுவக் கட்டமைப்பில் சேர்ந்துவிட்டது, மக்களிடம் மறுபடி கேட்காமலே. அதனால், நிபந்தனையைக் கேட்கும்போதே அதை மாற்ற வேண்டுமானால் மறுபடி வாக்கெடுப்பு வேண்டும் என்று சட்டத்தில் எழுதக் கேளுங்கள். சீட்டில் அச்சடித்தது மட்டும் போதாது.

சேருவதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். புது நாட்டை அழைக்க எல்லா உறுப்பு நாடுகளின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு, எனவே ஒரு நாடு மட்டும் வழிமறித்தாலும் பேரம் தொடங்கிவிடும். 2022 ஜூன் 28 அன்று மாட்ரிட்டில் ஸ்வீடனும் பின்லாந்தும் துருக்கியோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. துருக்கியின் நாடு கடத்தும் கோரிக்கைகளைக் கவனிப்போம் என்ற வாக்குறுதியும் அதில் இருந்தது. துருக்கியிலிருந்து வந்து ஸ்வீடனில் தஞ்சம் புகுந்திருந்த குர்து இன மக்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பது நம்மில் அகதியாக வாழ்ந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். இப்படி ஒரு பேரம் ஆரம்பித்தால் உடனே வழக்கறிஞர்களைத் திரட்டி, நாடு கடத்தலை முடிவுசெய்வது நீதிமன்றமும் சட்டமும்தான், தூதர்கள் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். நேட்டோவே அமைப்புகளுக்கு நிதி கொடுப்பதுண்டு. வாங்கினால் முதல் பக்கத்திலேயே போடுங்கள், எதிர்ப்பவர்களும் அப்படியே.

கடைசியாக, உறுப்பினர் ஆன நாளில் கூட்டத்தைக் கலைத்துவிடாதீர்கள், பின்னாலேயே இன்னொரு ஒப்பந்தம் வரும். ஸ்வீடன் 2024 மார்ச் 7 அன்று சேர்ந்தது. ஜூன் மாதமே அமெரிக்காவோடு செய்த பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 266-37 என்று ஏற்றது. 17 இடங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்தலாம், அணு ஆயுதத்துக்கு அதில் வெளிப்படையான தடை இல்லை. 1883இலிருந்து இயங்கும் ஸ்வீடன் சமாதானச் சங்கம் இதை எதிர்த்தது. உங்கள் நாட்டில் இப்படி ஒரு வரைவு தயாராகிறதா என்று பாதுகாப்பு அமைச்சகத்திடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் ஓர் எம்.பி.யை வைத்து அவையில் கேட்க வையுங்கள்.