அதிக உதிரப்போக்குள்ள இரவுகளை எப்படிச் சமாளிப்பது?

மாதவிடாயின் முதல் இரண்டு மூன்று இரவுகளில், படுக்கை நனைந்துவிடுமோ என்ற பயத்திலேயே தூக்கத்தைத் தொலைக்கும் பெண்கள் நம் வீடுகளில் ஏராளம். ஒரே பக்கமாக அசையாமல் படுத்திருப்பதும், அடிக்கடி எழுந்து விளக்கைப் போட்டு விரிப்பைத் தடவிப் பார்ப்பதும், உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தால் இரவு முழுவதும் உட்கார்ந்தே கழிப்பதும் பலருக்குப் பழகிப் போய்விட்டன. சில சிறிய ஏற்பாடுகளால் இந்தப் பயத்தைப் பெருமளவு குறைக்க முடியும். அதே சமயம், ஒவ்வொரு மாதமும் இத்தனை ஏற்பாடு செய்துகொண்டுதான் படுக்க முடிகிறது என்றால், அதுவே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கு விளக்குகிறேன்.

இரவில் ஏன் கசிகிறது?

நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருக்கும்போது உதிரம் நேராகக் கீழிறங்கி நாப்கினில் விழுகிறது. மல்லாந்து படுத்தவுடன் அதன் வழி மாறிவிடுகிறது. ஒரு பகுதி பிறப்புறுப்புப் பாதையிலேயே தேங்குகிறது, மீதி பிட்டத்தின் நடுவிலுள்ள பள்ளத்தின் வழியாகப் பின்னோக்கி ஓடி, நாப்கினைத் தொடாமலேயே முதுகுப் பக்கம் விரிப்பை அடைந்துவிடுகிறது. தேங்கிய உதிரம், எழுந்து நிற்கும் நொடியில் கட்டியும் திரவமுமாக ஒரேயடியாக வெளியேறுகிறது. இரவுக் கறைகள் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான் உண்டாகின்றன என்பதால், நம் ஏற்பாடுகளும் இவற்றைக் குறிவைத்தே இருக்க வேண்டும்.

நாப்கினை வைக்கும் முறை

பகலில் பயன்படுத்தும் நாப்கின் இரவுக்குப் போதாது. 320 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீளமும், பின்பகுதியில் விசிறி போல அகலமும் கொண்டவற்றை வாங்குங்கள். 400 மில்லிமீட்டரைத் தாண்டியவையும் கடைகளில் கிடைக்கின்றன. மல்லாந்து படுப்பவர்கள் நாப்கினை இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளியும், குப்புறப் படுப்பவர்கள் முன்னுக்குத் தள்ளியும் ஒட்ட வேண்டும். நாப்கின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளாடை தொளதொளவென்று இருந்தால் உடலுக்கும் நாப்கினுக்கும் இடையே சந்து விழுந்து அதன் வழியே கசியும். ஆகவே இரவில் உடலோடு ஒட்டி நிற்கும் உள்ளாடையே வேண்டும்.

பாதுகாப்புக்காக ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நாப்கின்களை அடுக்குவோர் பலர். இதனால் அதிகப் பயன் இல்லை. மேலே உள்ள நாப்கினின் அடிப்பக்கம் நீர் புகாத பிளாஸ்டிக் தாளால் ஆனது என்பதால், அது நிரம்பினால் உதிரம் கீழே உள்ளதற்குப் போகாமல் பக்கவாட்டில்தான் வழியும். அதற்குப் பதிலாக, ஒன்றை முன்புறமாகவும் மற்றொன்றைப் பின்புறமாகவும், நடுவில் நான்கு விரல் அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி நீளவாக்கில் ஒட்டினால், தொப்புளுக்குக் கீழிருந்து இடுப்பின் பின்பகுதிவரை காப்பு கிடைக்கும்.

இன்னொரு முறை பலருக்குத் தெரிவதில்லை. மெல்லிய, சுத்தமான பருத்தித் துணியை விரல் கனத்துக்கு நீளமாக மடித்து, பிட்டத்தின் நடுப்பள்ளத்தில் பதியும்படி வைத்து, அதன்மேல் நாப்கின் அழுந்துமாறு உள்ளாடையை ஏற்றிக்கொள்ள வேண்டும். பின்னோக்கி ஓடும் உதிரத்தை இந்த மடிப்பு தடுத்து நாப்கினுக்குள் திருப்பிவிடும். என் கருத்தில், விலை உயர்ந்த நாப்கினைவிட இந்தச் சிறு துணி மடிப்பு தரும் பலன் அதிகம்.

இவையும் போதாதவர்கள், உள்ளாடை போலவே அணிந்துகொள்ளும் மாதவிடாய்ப் பேண்டிகளையோ, மருந்துக் கடைகளில் கிடைக்கும் பெரியவர்களுக்கான டயாப்பரையோ பயன்படுத்தலாம். பிரசவத்துக்குப் பின் எந்தக் கூச்சமும் இல்லாமல் அணிகிற ஒன்றை, மாதவிடாயின் கடுமையான இரவுகளில் அணிவதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

பிறப்புறுப்புப் பாதைக்குள் வைத்து உதிரத்தை ஏந்திக்கொள்ளும் சிறு கிண்ணமான மாதவிடாய்க் கப், அதைப் பழகியவர்களுக்கு நல்ல துணை. அளவைப் பொறுத்து ஏறக்குறைய 20 முதல் 30 மில்லி வரை கொள்ளும். அதிகபட்சம் 12 மணி நேரம் வைத்திருக்கலாம் என்றாலும், போக்கு அதிகமுள்ள நாளில் அதற்கு வெகு முன்பே நிரம்பிவிடும். படுக்கப் போகும் முன் காலி செய்துவிட்டு, கூடவே ஒரு நாப்கினும் வைத்துக்கொள்வது நல்லது. கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர்-டி பொருத்தியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே கப் பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் கப்பை இழுத்து எடுக்கும்போது காப்பர்-டி இடம் பெயரக்கூடும். பிறப்புறுப்புப் பாதைக்குள் செருகும் பஞ்சுச் சுருளான டாம்பனை 8 மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைத்திருக்கக் கூடாது. அரிதாக என்றாலும், கிருமிகளின் நச்சு உடலில் பரவும், உயிருக்கே ஆபத்தான நச்சு அதிர்ச்சி அதனால் ஏற்பட வாய்ப்புண்டு. துணி பயன்படுத்துபவர்கள் அதை மறைவில் ஈரத்தோடு உலர்த்தாமல், நன்றாகத் துவைத்து நேரடி வெயிலில் காயவைக்க வேண்டும்.

படுக்கையும் எழுந்திருப்பதும்

கைக்குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட்டை மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே, இடுப்பு வரும் இடத்தில் போட்டுவிடுங்கள். விரிப்பின்மேல் பழைய வேட்டியையோ நூல் புடவையையோ நான்காக மடித்துப் போட்டால், நள்ளிரவில் நனைந்தாலும் அந்த மடிப்பை மட்டும் உருவி எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். வீட்டார் யாரையும் எழுப்பி மெத்தையைப் புரட்ட வேண்டியதில்லை. கைக்கு எட்டும் இடத்தில் மாற்று நாப்கின், உள்ளாடை, ஒரு நைட்டி, சுற்றி எறியப் பழைய செய்தித்தாள், டார்ச், குடிதண்ணீர் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

போக்கு மிகுந்த இரவுகளில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து மாற்றுவது, நனைந்த பிறகு பதறி எழுவதைவிட மேலானது. எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, மெல்ல உட்கார்ந்து, ஒரு நிமிடம் அப்படியே இருந்து, மடித்த துணியைத் தொடைகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்தபடி நில்லுங்கள். தேங்கிய உதிரம் தரையில் விழாமல் இருக்க மட்டுமல்ல, இரத்தம் அதிகம் போனவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழும் அபாயம் உண்டு என்பதாலும் இந்த நிதானம் தேவை. கழிவறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், உள்தாழ்ப்பாள் போட வேண்டாம். மாதவிடாய்க் காலத்தில் பெண்ணைத் திண்ணையிலோ தனி மூலையிலோ படுக்க வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதிக உதிரப்போக்குள்ள பெண் கழிவறைக்கு அருகிலும், கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் ஒருவர் இருக்கும் இடத்திலும்தான் படுக்க வேண்டும்; அவளைத் தனியே ஒதுக்கி வைப்பது ஆபத்தான செயல்.

கறை பட்ட துணியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துச் சோப்புப் போடுங்கள். வெந்நீரில் இரத்தத்தின் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மெத்தையில் பட்டால் தண்ணீர் ஊற்றாமல், சோப்பு நனைத்த துணியால் ஒற்றி எடுத்து வெயிலில் போடுங்கள்.

மாத்திரைகளும் இரும்புச்சத்தும்

வயிற்று வலிக்குக் கொடுக்கப்படும் மெஃபெனமிக் அமிலம் உதிரப்போக்கையும் ஓரளவு குறைக்கும். ஆனால் வெறும் வயிற்றில் போடக் கூடாது, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. டிரானெக்ஸாமிக் அமிலம் உறைந்த இரத்தம் கரைவதைத் தடுத்து, பலருக்குப் போக்கை ஏறத்தாழப் பாதியளவு குறைக்கிறது. முன்பு இரத்தக்கட்டி அடைப்பு வந்தவர்களுக்கு இது ஆகாது என்பதால், பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது என்று மருந்துக் கடையில் வாங்கிவிடாமல், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். வலிக்கு ஆஸ்பிரினை நாட வேண்டாம்; அது போக்கை அதிகப்படுத்தக்கூடும்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், தமிழ்நாட்டில் 53 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்லவைதாம், ஆனால் மாதந்தோறும் அதிகமாக இழப்பவருக்கு அவை மட்டும் ஈடுகொடுக்கா. இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும். அதை எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொண்டால் உடலில் நன்கு சேரும். காபி, டீ, பால் ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். மலம் கருமையாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது?

ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய கணக்கு. வீட்டில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. அன்றாட வாழ்க்கையைப் பாதித்தாலே அது அதிகம்தான் என்று இன்று மருத்துவர்கள் ஏற்கிறார்கள். ஏழு நாட்களுக்கு மேல் நீடிப்பது, ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டிகள் விழுவது, மாதந்தோறும் இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். கருப்பை நார்த்திசுக்கட்டி, அடினோமயோசிஸ் (கருப்பையின் உட்சுவர்த் திசு அதன் தசைக்குள் வளர்வது), பாலிப் (உட்சுவரில் வளரும் சிறு சதை), தைராய்டு குறைபாடு, காப்பர்-டி, இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்துகள் எனக் காரணங்கள் பல. வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகப் போகும் சிறுமிக்கு, மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வருவதோ பல் பிடுங்கியபோது நிற்காமல் போனதோ உண்டென்றால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். வான் வில்பிராண்ட் நோய் போன்ற இரத்தம் உறைதல் குறைபாடாக அது இருக்கலாம். ‘எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான்’ என்று அம்மாக்கள் சொல்லும் ஆறுதலையும் அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் இந்தக் குறைபாடு பரம்பரையாகவும் வரும்.

எடுத்த எடுப்பில் கருப்பையை அகற்றச் சொன்னால், வேறு சிகிச்சை உண்டா என்று தயங்காமல் கேளுங்கள், இரண்டாவது மருத்துவரையும் பாருங்கள். மாத்திரைகளும், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும் பலருக்கு அறுவை சிகிச்சையைத் தவிர்த்திருக்கின்றன. 45 வயதைக் கடந்தவர்களுக்குப் போக்கு புதிதாக அதிகரித்தால், ‘நிற்கப் போகிற காலம், அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் கருப்பையின் உட்சுவரைப் பரிசோதிக்க வேண்டும்.

தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலோ, மயக்கமோ படபடப்போ மூச்சுத்திணறலோ வந்தாலோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளபோது போக்கு ஏற்பட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்தால் 108-ஐ அழையுங்கள்; வண்டி வரும்வரை படுத்தே இருங்கள், ஒருவரைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள். மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை, கட்டிகளின் அளவு, கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, சாப்பிட்டுவரும் மாத்திரை அட்டைகளோடு எடுத்துச் செல்லுங்கள்.