பரிசாகத் தைக்கும் ஒட்டுப் போர்வை: தவறுகள் எங்கே தொடங்குகின்றன

குயில்ட் என்பது, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல் அடுக்கு, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்றையும் ஒன்றாக்கித் தைக்கும் ஒட்டுப் போர்வை. அதைத் தைப்பவர்களிடம் என்ன தவறு நடக்கும் என்று கேட்டால், சேராத முனை, கோணிய மூலை என்று தையல் குறைகளைத்தான் முதலில் சொல்வார்கள். பரிசாகப் போகும் போர்வையில் இவற்றை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அழுக்காகிவிடுமோ என்ற பயத்தில் பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கும் போர்வை, முதல் சலவையில் சிவப்புச் சாயம் இறங்கிப் பாழாகும் போர்வை. உழைப்பு வீணாவது இவற்றில்தான். இரண்டுக்கும் காரணம், கத்தரிக்கோலைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

யாருக்கு என்பதை யோசிக்கிறோம், எதற்கு என்பதை யோசிப்பதில்லை. "அவளுக்கு நீலம் பிடிக்கும்" என்பதோடு திட்டம் முடிந்துவிடுகிறது. கட்டிலில் விரிக்கவா, சோபாவில் காலை மூடிக்கொள்ளவா, சுவரில் மாட்டவா? கட்டிலுக்கு என்றால் மெத்தையின் நீளம், அகலத்தோடு உயரமும் வேண்டும். உயரத்தை விட்டுவிட்டால் பக்கவாட்டில் தொங்கல் இல்லாமல், மெத்தைமேல் துண்டு விரித்ததுபோல இருக்கும். பருத்திப் பஞ்சு அடுக்கு வைத்துத் தைத்த போர்வை முதல் சலவையில் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 90 அங்குல நீளத்தில் அது மூன்று, நான்கு அங்குலம். இதைக் கணக்கில் சேர்க்காமல் சரியளவாகத் தைத்தால், துவைத்த பிறகு குட்டையாகத்தான் தெரியும்.

பிறந்த குழந்தைக்குத் தைப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பின் பரிந்துரை. மூச்சடைப்பு அபாயம்தான் காரணம். அதற்காகத் தைக்காமல் இருக்க வேண்டியதில்லை. தரையில் விரித்து, பெரியவர்கள் பார்வையில் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு விளையாடவிடும் விரிப்பாகத் தைத்து, கொடுக்கும்போதே அப்படிச் சொல்லிக் கொடுங்கள். பொத்தான், மணி, ரிப்பன் வேண்டவே வேண்டாம்.

இனி சாயம். அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு இந்த மூன்றையும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும், துணி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி. ஒரு சிறு துண்டை வெட்டி, சோப்பு கலந்த சுடுதண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று அத்தோடு விட்டுவிடாமல், ஈரத்துண்டை வெள்ளைத் துணிமேல் வைத்துக் காயவிடுங்கள். தண்ணீரில் தெரியாத சாயம் அங்கே தடம் விடும். தடம் விட்டால் அந்தத் துணியைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசிய பிறகே வெட்ட வேண்டும்.

துணிகளை முன்கூட்டியே துவைக்கலாமா, வேண்டாமா என்ற சண்டை தையல்காரர்களிடையே ஓயாது. என்னைக் கேட்டால் இரண்டுமே சரி, இரண்டையும் கலப்பதுதான் தவறு. பாதித் துணி துவைத்தது, பாதி துவைக்காதது என்று சேர்த்துத் தைத்தால், பிறகு ஒன்று சுருங்கும், பக்கத்தில் இருப்பது சுருங்காது, தையல் ஓரமெல்லாம் சுருக்கம் விழும். கடையிலேயே சிறு சதுரங்களாக வெட்டி வரும் துணிகளைத் துவைத்தால் பிசிறு பிரிந்து அளவே போய்விடும். அவற்றை வைத்துத் தைக்கும் போர்வையில் வேறு எதையும் முன்னால் துவைக்காமல் இருப்பதே நல்லது.

அப்படியும் சாயம் இறங்கிவிட்டால் பதறிப்போய்க் காயப் போடாதீர்கள். காய்ந்து, அதன்மேல் இஸ்திரியும் பட்டுவிட்டால் கறை எளிதில் போகாது. ஈரமாக இருக்கும்போதே, போர்வை முழுதும் தாராளமாக மூழ்கும் அளவு சுடுதண்ணீரில் சலவைத் திரவம் சேர்த்து மணிக்கணக்கில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி எடுத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

பரிசு வாங்கியவர் கையால் அலசி நிழலில் உலர்த்துவார் என்று நம்பிப் பட்டும் ஜரிகையும் வைத்துத் தைப்பது நம் ஆசைக்காகத்தான். அவர் வாஷிங் மெஷினில்தான் போடுவார். அதைத் தாங்கும்படி தைப்பது நம் வேலை.

தையல் பக்கம் அடிக்கடி கெடுவது சில இடங்களில்தான். ஒட்டிய துண்டுகளைச் சட்டைக்குச் செய்வதுபோல இழுத்து இழுத்து இஸ்திரி போடக் கூடாது. பெட்டியை வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கிராஸாக வெட்டிய முக்கோண ஓரங்கள் இழுத்தால் நீண்டுவிடும், திரும்பாது. சுற்றுப் பட்டியின் நீளத்தைப் போர்வையின் ஓரத்தில் அளக்காமல் நடுவில் அளந்து வெட்டுங்கள். ஓரம் ஏற்கனவே இழுபட்டிருக்கும், அந்த அளவுக்குப் பட்டி வைத்தால் அலை அலையாக நிற்கும். அடித்துணி நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மூன்று அடுக்கையும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு என்று குத்தி, நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போங்கள். ஊக்கில் கஞ்சத்தனம் பார்த்தால் அடித்துணியில் மடிப்பு விழும், அது தெரியும்போது பிரிப்பதைத் தவிர வழியிருக்காது.

கால் அங்குலம் தனி விஷயம். குயில்டில் தையலுக்கு விடும் துணி கால் அங்குலம். தனியாகத் தைப்பவர் அதில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறுவார், போர்வை சேர்ந்துவிடும். பலர் சேர்ந்து தைக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. வரிசைக்கு ஆறு துண்டு என்றால் ஐந்து இணைப்பு, இணைப்புக்கு இரண்டு ஓரம். ஓரத்துக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்தாலும் முடிவில் ஒரு சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். குழுவில் பத்துப் பேர் பத்து விதமாகப் பிடித்தால், சேர்ப்பவர் பாடு திண்டாட்டம்.

எல்லோரும் முதலில் ஒரு சோதனைத் துண்டு தைப்பது நல்லது. ஒன்றரை அங்குல அகலப் பட்டிகள் மூன்றை நீளவாட்டில் சேர்த்துத் தைத்து, மடிப்பைத் திருப்பி அழுத்தி, நடுப்பட்டியை அளக்க வேண்டும். சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால், தையலுக்குத் துணியை அதிகமாகப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். மடிப்பே ஒரு நூலிழை அகலத்தைத் தின்றுவிடுவதால், பெரும்பாலானோர் கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆளுக்கு ஒரு கட்டம் (சதுரத் துண்டு) தைத்து அனுப்ப, அவற்றை ஒரே போர்வையாகச் சேர்ப்பதுதான் குழுச் சவால். அதை நடத்துபவர் செய்யும் முதல் தவறு, "12 அங்குலக் கட்டம் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்வது. தைத்து முடித்த பிறகு 12 அங்குலமா, அனுப்பும்போதா? அனுப்பும்போது 12½ இருந்தால்தான் சேர்த்தபின் 12 ஆகும். பாதிப் பேர் ஒரு மாதிரி, பாதிப் பேர் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள். இரண்டாவது, பின்னணிக்கு "வெள்ளைத் துணி" என்று சொல்லிவிடுவது. பால் வெள்ளை, சந்தன வெள்ளை, நீலம் பாய்ந்த வெள்ளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரே ரோலிலிருந்து வெட்டி எல்லோருக்கும் அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

இதற்கு நேர்மாறாக, விதிகளைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறுதான். இந்த நிறம், இந்த வடிவம், இந்த நூல் என்று எல்லாவற்றையும் கட்டிவிட்டால் சவாலில் என்ன இருக்கிறது? அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய எய்ட்ஸால் இறந்தவர்களுக்கான நினைவுக் குயில்டில் ஒவ்வொரு துணிப் பலகமும் மூன்றடிக்கு ஆறடி. அளவு கறார், உள்ளே என்ன வைத்துத் தைப்பது என்பது இறந்தவரின் சொந்தங்கள், நண்பர்கள் விருப்பம். எட்டுப் பலகங்கள் சேர்ந்து பன்னிரண்டடிச் சதுரம் ஆகின்றன. முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் தைத்தது ஒன்றோடொன்று பொருந்துவது அந்த ஒரே விதியால்தான்.

வந்த கட்டம் அளவு குறைந்திருந்தால் கேட்காமல் பிரித்துத் தைக்காதீர்கள். சுற்றி ஒரு மெல்லிய பட்டி வைத்து அளவைக் கூட்டிக்கொள்ளலாம், தைத்தவருக்கும் மனம் கோணாது. குண்டூசி விட்டுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள். ஓரிருவர் கட்டாயம் அனுப்ப மாட்டார்கள், முதலிலேயே இரண்டு மூன்று கட்டம் உபரியாகத் தைத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கெடு வைக்கும்போது, கட்டங்கள் வந்து சேரும் நாளையே வேலை முடியும் நாளாக எண்ணிவிடுகிறார்கள். மேல் அடுக்கு சேர்ந்தபின்தான் பஞ்சு வைத்துத் தைப்பது, ஓரம் கட்டுவது எல்லாம். அதற்குக் குறைந்தது அதே அளவு காலம் ஒதுக்குங்கள்.

பெயர் போடாமல் விடுவதும் பரவலான தவறு. 1942-இல் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு சதுரம் பூத்தையலிட்டு, 66 சதுரம் கொண்ட குயில்ட்களைச் செய்தார்கள். சதுரங்களில் பெயரையும் தைத்தார்கள். வேறு பகுதியில் அடைபட்டிருந்த கணவர்களுக்கு, தாம் உயிரோடிருப்பதை அந்தப் பெயர்கள் சொல்லின. நம் போர்வைக்கு அப்படிப்பட்ட பொறுப்பு எதுவும் இல்லை, ஆனாலும் தைத்தவர்கள் பெயர், பெறுபவர் பெயர், ஆண்டு, எப்படித் துவைப்பது என்ற நான்கும் ஒரு துணிச் சீட்டில் இருக்கட்டும். அதை அடித்துணியில் முதலிலேயே வைத்துத் தைத்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. துணியில் எழுதும் பேனாவால் அவரவர் கையெழுத்தையே வாங்கி, இஸ்திரிச் சூடு காட்டி நிலைப்படுத்துங்கள். ஒருவரே எல்லாப் பெயரையும் எழுதினால் எழுத்துப்பிழை நிச்சயம்.