ஆழமில்லாத தண்ணீரில் மீன்பிடி கயாக்கை நிறுத்துவது எப்படி?

தூண்டில் போட நல்ல இடம் கிடைத்திருக்கும், ஆனால் இரண்டாவது வீச்சுக்குள் காற்று கயாக்கை இருபதடி தள்ளிக்கொண்டு போயிருக்கும். துடுப்பைப் பிடித்தால் தூண்டிலைப் பார்க்க முடியாது, தூண்டிலைப் பார்த்தால் படகு நிற்காது. சரி, நங்கூரம் வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்றுதான். இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் எடையைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கயிறு படகின் எந்த இடத்திலிருந்து இறங்குகிறது, அவசரம் என்றால் எவ்வளவு சீக்கிரம் அதைக் கழற்றிவிட முடியும், இந்த இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள்.

அடியில் என்ன இருக்கிறது?

துடுப்பைச் செங்குத்தாக இறக்கிக் குத்திப் பாருங்கள். பொதக்கென்று உள்ளே போனால் சேறு, கரகரவென்று நின்றால் மணல், டொக்கென்று தட்டினால் பாறை. எவ்வளவு ஆழம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றரை மீட்டருக்குள் என்றால் கழி போதும்

அடியில் சேறோ மணலோ இருந்து ஆழமும் குறைவாக இருந்தால் என் ஓட்டு ஊன்றுகழிக்குத்தான். ஒரு முனை கூராக, மறுமுனையில் குறுக்குப்பிடி வைத்த, 6 அல்லது 8 அடி நீளமுள்ள ஃபைபர் கழி. நீளமான கயிறு சுற்ற வேண்டாம், சங்கிலிச் சத்தம் இல்லை, பாசி அள்ளிக்கொண்டு வராது. தண்ணீர் ஆழத்தைவிடக் குறைந்தது இரண்டடியாவது நீளமாக இருக்கட்டும்.

உட்கார்ந்தபடியே, கழியை லேசாக இடவலமாகத் திருகிக்கொண்டே அழுத்துங்கள். எழுந்து நின்று முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினால் கழி திடீரென்று இறங்கும்போது நீங்களும் கூடவே இறங்குவீர்கள். கூடார முளை அடிப்பது போலத்தான் இதுவும்: படகு எந்தப் பக்கம் இழுக்குமோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தலை சாய்ந்திருக்க வேண்டும். பிறகு ஒரு சிறு கயிறால் படகைக் கழியோடு கட்டிக்கொள்ளுங்கள், படகில் எந்த இடத்தில் என்பது கீழே வருகிறது. பிடுங்கும்போது நேராக இழுக்காமல் முதலில் திருகிச் சேற்றின் பிடியைத் தளர்த்துங்கள்.

கயாக்கின் அடியிலுள்ள வடிகால் துளை வழியாகவே கழியை இறக்குகிறவர்களும் உண்டு. பார்க்க வசதியாகத் தெரியும், ஆனால் காற்று வலுத்தால் இழுப்பு முழுவதும் அந்தத் துளையின் சுவரில் விழுகிறது. அங்கே விரிசல் விட்டால் தண்ணீர் படகுக்குள்ளேதான் போகும். என்னைக் கேட்டால் வேண்டாம்.

கழி எட்டாத இடத்துக்கு

நான்கு கொக்கிகள் விரியும் மடக்கு நங்கூரம், ஒன்றரை கிலோ எடையில், பெரும்பாலான கயாக்குகளுக்குப் போதும். அதன் தலையில் ஒரு மீட்டர் சங்கிலி சேர்த்துவிடுங்கள். கொக்கி தரையில் குத்துவது கிடைமட்டமாக இழுத்தால்தான். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சங்கிலியின் கனம் இழுப்பைத் தரையோடு வைத்திருக்கிறது, அதோடு நீளமான கயிறும் வேண்டும். ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு விடுவது வழக்கம்: ஒரு மீட்டர் தண்ணீருக்கு ஐந்து மீட்டர், அலை இருந்தால் ஏழு. நங்கூரம் பிடிக்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் கயிறை இறுக்கமாக விட்டிருப்பார்கள். சேறு மட்டுமே உள்ள குளமென்றால் காளான் வடிவ நங்கூரமும் ஆகும். கடல்புல், பவளம் இருக்கும் இடத்தில் எந்த நங்கூரமும் வேண்டாம், வேரோடு பிய்த்துக்கொண்டு வரும்.

பக்கவாட்டில் கட்டவே கூடாது

கை எட்டுகிற இடம் என்பதால் இருக்கைக்குப் பக்கத்துக் கைப்பிடியில் கட்டத் தோன்றும். அப்படிக் கட்டினால் கயாக் ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றுவிடும், கயிறு ஒரு பக்க விளிம்பைக் கீழே இழுக்கும், தண்ணீர் அதே பக்கத்தில் மோதி ஏறும். கவிழ்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கயிறு முன்முனையிலோ பின்முனையிலோதான் பிடிக்க வேண்டும். ஆனால் அங்கே கை எட்டாதே?

அதற்குத்தான் ஓடுகயிறு. முன்முனைக்கு அருகில் ஒரு சிறு கப்பி, பின்முனைக்கு அருகில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே படகின் ஒரு பக்கமாக ஒரு மெல்லிய கயிறை வளையமாக ஓட்டி, அதன் இரு நுனிகளையும் ஓர் எஃகு வளையத்தில் கட்டுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஓடுகயிறை இழுத்தால் வளையம் முன்னோ பின்னோ நகரும். இருக்கைக்கு அருகில், கயிறைச் சுற்றி இறுக்கும் கட்டை ஒன்றைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது.

இறக்கும் வரிசை

1. மீன் இருக்கும் இடத்தைத் தாண்டி, காற்று வரும் திசைக்குத் துடுப்புப் போடுங்கள். கயிறு நீளும்போது படகு பின்வாங்கும், அதற்கு இடம் வேண்டும்.
2. நங்கூரக் கயிறை வளையத்துக்குள் கோத்து, நங்கூரத்தை மெதுவாக இறக்குங்கள். தூக்கி எறிந்தால் அந்தச் சத்தத்துக்கே மீன் ஓடிவிடும்.
3. கயிறு இறுகும் முன்பே வளையத்தை முனைக்கு ஓட்டிவிடுங்கள். மெல்லிய காற்றென்றால் பின்முனை, அப்போதுதான் முகம் காற்றுப் போகும் பக்கம் இருக்கும், வீச்சும் தூரம் போகும். அலை இருந்தால் முன்முனைதான்.
4. தேவையான நீளம் விட்டுக் கட்டையில் சுற்றுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், ஓர் இழுப்பில் அவிழ வேண்டும்.
5. கரையில் ஒரு மரத்தையோ கல்லையோ குறிவைத்துச் சில நிமிடம் பாருங்கள். அது நகர்வதாகத் தெரிந்தால் நங்கூரம் இழுபடுகிறது. இன்னும் கொஞ்சம் கயிறு விடுங்கள்.

கயிறின் கடைசி நுனியில் ஒரு மிதவை கட்டிவையுங்கள். பெரிய மீன் மாட்டினாலோ, மோட்டார் படகு நேராக வந்தாலோ கயிறை வளையத்திலிருந்து உருவி மிதவையோடு தண்ணீரில் போட்டுவிட்டு நகரலாம், அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம். லைஃப் ஜாக்கெட்டில் எட்டும் இடத்தில் ஒரு கத்தி கட்டாயம். ஆற்றில் வேகமான ஓட்டம் என்றால் நங்கூரமே போடாதீர்கள்.

மாட்டிக்கொண்டால்

பாறையுள்ள இடத்துக்குச் சங்கிலியை நங்கூரத்தின் தலையில் கட்டாமல், கொக்கிகள் சேரும் அடிப்பக்கத்தில் கட்டி, தலையோடு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையால் மட்டும் இணையுங்கள். சிக்கினால் பலமாக இழுக்க டை அறுந்து, நங்கூரம் தலைகீழாகத் திரும்பி வெளியே வந்துவிடும். இழுப்பதும் முனையிலிருந்துதான், பக்கவாட்டில் குனிந்து இழுக்காதீர்கள். போட்டபோது வந்த திசைக்கு எதிர்த்திசையில் துடுப்புப் போட்டு இழுத்துப் பாருங்கள், அதற்கும் வரவில்லை என்றால் கயிறை அறுத்துவிட்டுப் போங்கள். கையிருப்பில் இரண்டு மூன்று டை எப்போதும் இருக்கட்டும், ஒரு முறை அறுந்ததும் புதிதாகக் கட்டினால்தான் அடுத்த இறக்கத்துக்கு ஆகும்.